ரொவீனா பார்க்காத ஆள்

1

பார்னபி தன் மனைவி ரொவீனாவை வேவு பார்த்தார். நான் பார்னபியை வேவு பார்த்தேன். இந்தக் கதை வந்த வழி இவ்வளவுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் தானியச் சந்தைக் கூடத்தில் கிறிஸ்துமஸ் நடனம். மேடையில் பார்னபியின் பிடில், பக்கத்தில் என் பியானோ. கீழே நீள வரிசைகளில் எதிரெதிராக ஜோடிகள்.

தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்த அந்த மாலையில்..." [பனி பெய்யவில்லை. பிசுபிசுவென்று தூறல்.]

இன்னொரு தொடக்கம்: "ரொவீனா அழகி. அவள்..." [அழகி என்று தொடங்கினாலே அவள்மேல் பழியைப் போட்டுவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.]

2

இங்கே கணவனும் மனைவியும் மாலை முழுக்க ஒட்டிக்கொண்டு ஆடுவது நாகரிகமில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் துணை மாற வேண்டும். கைகோத்துச் சுற்றும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். தரையைப் பார்த்தால் தலை சுற்றும்.*

ஆகவே இந்தக் கூடத்தில் பார்வை எதற்கும் சாட்சியில்லை. பாதிரியாரின் மனைவி கசாப்புக்கடைக்காரரை உருகி உருகிப் பார்ப்பார். பாதிரியார் நிம்மதியாக ஒயின் குடிப்பார்.

* எனக்கும் சுற்றியிருக்கிறது. விழுந்தது அலங்காரத்துக்கு வைத்திருந்த முள்ளிலைக் கொத்தின் மேல்.

3

இடைவேளையில் பார்னபி மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்தை மென்றுகொண்டே சொன்னார்:

"எல்லாரையும் பாக்குறா. கிறிஸ்பின மட்டும் பாக்கல."

கிறிஸ்பின் எங்கள் ஊர் மாட்டு டாக்டர்.

"மூஞ்சி பிடிக்கலையோ என்னவோ."

"அந்த மூஞ்சியா? ஊர் மாடெல்லாம் அதப் பாத்துதான் பால் குடுக்குது."

"அப்போ மாட்டப் போய்ச் சந்தேகப்படுங்க."

அவர் சிரிக்கவில்லை. "மனசுல ஒண்ணும் இல்லாதவ நேராப் பார்ப்பா. இவ தல சுத்தினாலும் பரவாயில்லன்னு தரையப் பாக்குறா. என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு இருக்கு."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. [இங்கே என்மேல் எனக்கே சந்தேகம். பார்னபி உண்மையில் இவ்வளவு கோர்வையாகப் பேசினாரா, நான் எழுதிக் கொடுத்தேனா? ரொவீனாவுக்கு இதுவரை ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை பாருங்கள்.]

4

கொடுக்கிறேன். அவள் மேடையருகே வந்தாள்.

"பார்னபி, கொஞ்சம் மெதுவா வாசியேன். சிலருக்கு மூச்சு வாங்குது."

"யாருக்கு? கிறிஸ்பினுக்கா?"

"எனக்குத்தான்," என்றாள். கொஞ்சம் தாமதித்துச் சிரித்தாள்.

[அந்தத் தாமதத்தைப் பார்த்தது உண்மையா, பிறகு நான் சேர்த்ததா? மூன்று நாளாக யோசிக்கிறேன்.]

5

கடைசி ஆட்டத்துக்கும் அவள் கிறிஸ்பினோடு வந்து நின்றாள். ஒரே மாலையில் ஒரே ஆளுடன் இரண்டாம் முறை! நாலு தலைகள் திரும்பின.

ஆட்ட அடிகளைக் கூவிச் சொல்லும் ஹில்டா கையை உயர்த்தினார். "இதான் கடைசிச் சுத்து! முழங்கால் வலி உள்ளவங்க சந்தோசப்படலாம்!"

பார்னபி என் பக்கம் குனிந்தார். "நிறுத்தாத. இன்னொரு தடவ."

எதற்கென்று புரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஜோடிகள் வரிசையில் நகர்வார்கள். கோடிக்குப் போன ஜோடிக்கு எதிரே ஆடுவதற்கு ஆளிருக்காது; ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். இன்னொரு தடவை வாசித்தால் அவர்கள் இருவரும் கோடியில் நிற்பார்கள். ஆட்டம் எதையும் கட்டாயப்படுத்தாத இடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இவருக்குப் பார்க்க வேண்டும்.

முடிவு அ: பார்னபிக்கு நாய்க்குட்டி பரிசளிப்பதைப் பற்றி ரகசியமாகப் பேசுகிறார்கள். [மாட்டு டாக்டரை வைத்துக்கொண்டு இது ரொம்பச் சுலபம். சுலபமானதை நான் நம்புவதில்லை.]

முடிவு ஆ: விரல்கள் தொடுகின்றன. பார்னபியின் பிடில் வில்... [வேண்டாம்.]

நடந்தது இது. சுற்று முடியும் நேரத்தில் ரொவீனா தலையைத் தூக்கினாள். கிறிஸ்பினைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். முடிவுச் சுரத்தைப் பியானோவில் நான் அழுத்தினால் எல்லோரும் வணங்கிக் கலைந்துவிடுவார்கள். பார்னபியால் ஒன்றும் செய்ய முடியாது. அது அவளுக்கும் தெரியும். நிறுத்து என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

பிடிபடப் போகிறவள் அப்படிப் பார்ப்பாள். ஒரு தப்பும் செய்யாமல் கட்டினவனால் துரத்தப்படுகிறவளும் அப்படித்தான் பார்ப்பாள். இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன்.

நிறுத்தினால் பார்னபியின் சந்தேகம் சாகும்வரை தீராது. வாசித்தால் அவள் அந்தக் கோடியில் போய் நின்றாக வேண்டும்.

நான் எழுந்துகொள்கிறேன். பியானோ முன்னால் நீங்கள் உட்காருங்கள். சீக்கிரம், அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.