ஏழு முடிச்சு

அப்பாதுரை எனக்குத் தரவேண்டியது அறுபத்து மூன்று ரூபாய். ஏழு சுத்து, சுத்துக்கு ஒன்பது ரூபாய்.

எங்கள் ஊர் மலையை ஒரு தரம் சுற்றிவந்தால் ஒன்பது மைல். எங்களைப் போலச் சுமை தூக்குகிறவர்களுக்கு அதுதான் அளவு. எந்த ஊருக்குப் போனாலும் தூரத்தைச் சுத்தாக்கித்தான் கூலி பேசுவோம். அப்பாதுரை, ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கும் தரகர். எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் அவரிடம் வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்தார். மகாபலிபுரத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் கடலோரமாகவே நடக்கவேண்டுமாம். அந்த வருஷம் பரங்கிப்பேட்டை வரை, மீதி மறுவருஷம். அப்பாதுரை வரைபடத்தில் நூலை வைத்து அளந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பன்னண்டு சுத்து. மணல் மெத்தை மாதிரி இருக்கும். தூக்கினு போடா.”

நூலுக்கு ஆறு தெரியாது. ஆறு கடலில் விழுகிற இடத்தில் கரை அறுந்துபோகும். அங்கே தோணி உண்டு, காசு கொடுத்தால் அக்கரை. வெள்ளைக்காரர் தோணியைக் கண்டாலே வேண்டாமென்று தலையை ஆட்டினார். நடந்தே தீரவேண்டுமாம். ஒவ்வோர் ஆற்றிலும் பாலம் இருக்கும் இடம் வரை உள்ளே நடந்து, அந்தப் பக்கத்தில் மறுபடி கடலுக்கே திரும்பினோம். இருபது கிலோ மூட்டை, கால் புதைகிற மணல். மாலையில் அவர் நோட்டில் எழுதும் மைலை விரலில் காட்டச் சொல்லி, ஒன்பது மைலுக்கு ஒரு முடிச்சாக என் துண்டில் போட்டேன். மொத்தம் பத்தொன்பது. வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையிலேயே ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார்.

அப்பாதுரை பன்னிரண்டுக்குத்தான் கொடுத்தார்.

“மீதி ஏழுங்கண்ணே?”

“எல்லாரும் தோணியிலே போற எடத்துல நீ மட்டும் சுத்தினியா? முடிச்சை பஸ்ஸுல குந்திக்கினு போட்டியா?”

“கடலோரத்துல ஏதுங்க பஸ்ஸு?”

“பேருக்கேத்த மண்ணாங்கட்டிடா நீ. போடா.”

பன்னிரண்டு முடிச்சை அவர் கண்ணெதிரே அவிழ்த்தேன். மீதி ஏழு முடிச்சை விட்டுவைத்தேன்.

அந்தக் கூலியை நம்பித்தான் என் சம்சாரம் ஆராயியின் கம்மலை அடகு வைத்திருந்தேன். ஒரு வருஷக் கெடு. அவள் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு களை எடுக்கப் போனாள். “ஏழு முடிச்சை காதுல மாட்டிக்கட்டுமா?” என்று தினமும் கேட்டாள். நானும் அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தினமும் அப்பாதுரை வாசல் வழியாகவே போனேன். பார்க்கும்போதெல்லாம் காறித் துப்புவார்.

மறு தையில் வெள்ளைக்காரர் நேரே பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கினார். முன்பணத்தை அப்பாதுரை எப்போதோ வாங்கிச் செலவழித்தாயிற்று. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அப்பாதுரை சுமைக்கு ஆள் கேட்டார். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

“மொதல்ல அந்த ஏழு முடிச்சை அவுருங்க” என்றான் பலராமன், என்னோடு சுமை தூக்குகிறவன்.

“நீங்க இல்லன்னா நாய்ங்களா, நானே தூக்குறேன்” என்று அப்பாதுரை பஸ் ஏறினார்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லார் எதிரிலும் என்னிடம் வந்தார்.

“கொள்ளிடத்துல பாலம் எங்கடா இருக்குது! பன்னண்டு மைல் உள்ளே போவணும். போயி, திரும்ப அவ்ளோ தூரம் கடலுக்கு வரணும். தோணிக்காரன் கூப்புடுறான், இந்தாளு ஏற மாட்டேங்கிறான்.”

“மணல் எப்டிங்க, மெத்தை மாதிரியா?” என்றான் பலராமன். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாதுரை பல்லைக் கடித்தார். “மூட்டை பாலத்தண்ட டீக்கடையிலே கெடக்குது. நாளைக்குள்ள ஆளு வரலன்னா அந்த வெள்ளைக்காரன் முன்பணத்தைத் திருப்பிக் கேப்பான்.” மடியை அவிழ்த்து நோட்டுகளை எண்ணினார். “அறுபத்து மூணு. இந்தா, எடுத்துக்கினு கெளம்பு.”

நானும் ஒரு தரம் எண்ணினேன். சரியாக இருந்தது. துண்டை எடுத்து முடிச்சுகளை அவிழ்த்தேன். ஆறு முடிச்சு சீக்கிரம் வந்தது. ஏழாவது ஒரு வருஷ வேர்வையில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தேன்.

“பஸ்ஸு போயிடும்டா!”

“ஏழும் அவுந்துச்சுங்க. மூட்டைக்கு வேற ஆளப் பாருங்க.”

“டேய், துட்டு வாங்கினியேடா!”

“போன வருஷத்துத் துட்டுங்க அது. வரேன்னு நான் சொல்லவே இல்லியே.”

அவர் கையை ஓங்கினார். அந்தக் காலில் நிற்க முடியாமல் தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டார். கம்மல் கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடகுக் கடைக்கு நடந்தேன்.