மாப்பிள்ளைக்கு யார் சொல்வது

என்னைக் கட்டிக்கொள்வதாக இருந்த மருதாசலத்துக்குக் காட்டுப்பன்றி வேட்டை பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்ப்பதோடு விட்டிருக்கலாம்.

எழுபத்தொன்பதாம் வருஷம், தீபாவளி கழிந்த வாரம். எங்கள் தோட்டம் மேட்டூர் அணைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது. மருதாசலத்தின் குடும்பம் சேலத்தில் நூல் வியாபாரம் செய்தது, ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீடு. ஆவணியில் உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் முடிந்திருந்தது, தையில் கல்யாணம். நடுவில் விருந்துக்கென்று மாப்பிள்ளையும் அவர் அம்மா மயிலம்மாளும் அம்பாசடர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை சஃபாரி சூட் போட்டுக் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டிருந்தார். காடு என்றால் இப்படித்தான் போக வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அதுவும் தாலி ஏறும்வரை அவர் தும்மினாலும் தப்பில்லை, துப்பினாலும் தப்பில்லை. முதல் நாள் அப்பாவும் என் அண்ணன் தங்கசாமியும் அவரை அணைக்குக் கூட்டிப்போனார்கள். பூங்காவைச் சுற்றிவிட்டு, ஆற்றோரக் கடையில் ஜிலேபி மீன் வறுவலைத் தட்டுத் தட்டாக வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். திரும்பும் வழியில் வேலியோரம் ஒரு கீரி குறுக்கே ஓடியது. "அதோ பாருங்க, நரி!" என்று மாப்பிள்ளை கத்தினாராம். அறுபது வருஷம் காட்டிலேயே கிடந்த எங்கள் அப்பா, "நரியேதானுங்க மாப்பிள்ளை" என்றாராம்.

அன்று சாயங்காலம் அண்ணன் சமையலறையில் வந்து நின்று இதை நடித்துக்காட்டினான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "வாய மூடுங்க ரெண்டு பேரும். அவிய காதுல உழுந்தா என்னாகும்?" என்றாள்.

அண்ணனுக்கு என்னைவிட மூன்று வயது கூட. என் கல்யாணத்தை அவன்தான் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தான். பந்தல்காரனைப் பார்த்ததும் அவன்தான், எனக்குப் புடவைக் கரை தேர்ந்தெடுத்ததும் அவன்தான். இந்த இடம் கைநழுவிப் போய்விடக் கூடாது என்று எனக்கிருந்ததைவிட அவனுக்குப் பயம் அதிகம்.

அந்த வருஷம் பன்றிகள் எங்கள் கடலைக்காட்டை ஏர் பிடித்த மாதிரி உழுதுபோட்டிருந்தன. ஆகவே வேட்டை எப்படியும் நடக்க வேண்டியதுதான். எங்கள் வேட்டைக்கு ஒரு முறை உண்டு. கடலைக்காட்டுப் பக்கமிருந்து ஓடைக்குள் ஆட்கள் இறங்கித் தகரம் தட்டிக்கொண்டு, நாய்களை விட்டுப் பன்றியை மேலே கிளப்புவார்கள். ஓடையின் மேல்முனையில் ஒரு பாறை. துப்பாக்கி வைத்திருப்பவர் அதன் மேல் உட்கார்ந்திருப்பார். பன்றி பாறையைத் தாண்டி மலைப்பக்கம் ஓடிய பிறகு, அதன் முதுகைப் பார்த்துத்தான் சுட வேண்டும். பன்றிக்குப் பின்னாலேயே ஆட்கள் ஓடிவருவார்கள் என்பதால் ஓடைப் பக்கம் குழல் திரும்பவே கூடாது. பாறையைவிட்டு இறங்கவும் கூடாது. இது எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

துப்பாக்கி அப்பாவுடையது, பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல். அதை அண்ணன் துடைக்க எடுத்தால்கூட அப்பாவுக்கு முகம் சுருங்கும். "நான் ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டுமா?" என்று மாப்பிள்ளை கேட்டதும் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

பெண்கள் வேட்டைக்குப் போகிற வழக்கமில்லை. மயிலம்மாளுக்கு வேடிக்கை பார்க்க வேண்டியிருந்ததால் அம்மாவும் நானும் அடுப்புச் சாமானோடு கூடப் போனோம். ஓடைக்கு மேலே ஒரு மேட்டில் கல் கூட்டி உலை வைத்தோம். பன்றிக்கறிக்கு மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்தாயிற்று, பன்றிதான் இன்னும் ஓடைக்குள் உயிரோடு இருந்தது. பச்சைக் கடலைக்காயைச் செடியோடு தீயில் வாட்டிக் கொடுத்தேன். மயிலம்மாள் ஊதி ஊதித் தின்றுகொண்டு, "இதெல்லாம் சேலத்தில் எங்கே கிடைக்குது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கீழே, ஆட்களோடு அண்ணனும் இறங்கியிருந்த ஓடையில் தகரச் சத்தம் கிளம்பியது. பாறைமேல் மாப்பிள்ளை, அப்பா, சின்னண்ணன் என்று பேர்கொண்ட அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. துப்பாக்கியோடு பாறையிலிருந்து சறுக்கி இறங்கி, நட்ட நடு ஓடையில் மணலில் போய் நின்றார். குழல் நேராக ஓடைப் பக்கம், ஆட்கள் வரும் பக்கம் இருந்தது.

மாமா எழுந்து வாயைத் திறந்தார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். நான் மேட்டிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தேன்.

"அம்மா, அவரு கீழ எறங்கிட்டாரு. மேல ஏறச் சொல்லச் சொல்லு."

"மாப்பிள்ளைக்குப் போயி யாரு சொல்றது?" என்றாள் அம்மா, வாய்க்குள்ளேயே.

மயிலம்மாளுக்குக் காது கூர்மை. "அவன் காலேஜில் என்.சி.சி.யில் சுட்டவன். பயப்படாதே" என்றார். அம்மா உடனே பல்லைக் காட்டிச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து மேட்டின் விளிம்புக்கு ஓடி, "அண்ணா, வராதே! நில்லு!" என்று கத்தினேன். தகரச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

பன்றி புதரைப் பிளந்துகொண்டு வந்தது. கிடா, பெரியது. எங்கள் வெள்ளை நாய் அதன் காதைக் கவ்வித் தொங்கியது. பன்றி தலையை ஒரு வெட்டு வெட்டியது. நாய் ஆள் உயரம் போய் விழுந்து, எழுந்து, தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு நாலடி நடந்து படுத்தது. பன்றிக்குப் பின்னால், ஈட்டியை ஓங்கியபடி முதல் ஆளாக ஓடிவந்தது என் அண்ணன்.

மாப்பிள்ளை சுட்டார்.

அண்ணன் ஈட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. சிதறிய ஈய ரவைகளில் சில பன்றியின் தோளிலும் பட்டிருந்தன. வெறிகொண்டு திரும்பிய அது, எதிரே கண் தெரியாமல் நின்றவனைப் பார்த்தது. ஒரே பாய்ச்சலில் அவன் தொடையைத் கோரைப்பல்லால் முழங்காலிலிருந்து மேலே கிழித்துத் தூக்கி எறிந்தது. மறுபடி குத்த வந்தது. அதற்குள் பின்னால் வந்தவர்கள் ஈட்டியால் பாய்ந்தார்கள். நாலு ஈட்டி உடம்பில் நிற்க, அது ஆட்களை இழுத்துக்கொண்டு அண்ணனை நோக்கியே நகர்ந்தது. மாமா பாறையிலிருந்து குதித்துக் கையிலிருந்த கோடாலியால் அதன் நெற்றியில் போட்டார். அது விழவில்லை. இன்னும் போட்டார். விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை, அழுதுகொண்டே போட்டார். அந்த ஓலம் பன்றியுடையதா அண்ணனுடையதா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முந்தானையைக் கிழித்துத் தொடையைக் கட்டினேன். அவன் முகத்திலிருந்து கையை விலக்கிப் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச் சின்னப் பொத்தல்கள். வலது கண் இருந்த இடத்தில் ரத்தமும் கூழும்தான் இருந்தது. மாப்பிள்ளை துப்பாக்கியை எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்பாசடரின் பின்சீட்டில் அண்ணனைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கார் கிளம்பும்போது பின்னால் டிக்கி திறந்து எதையோ போடும் சத்தம் கேட்டது. முதல் குண்டு யாருடையதோ அவருக்குத்தான் பன்றித் தலை என்பது எங்கள் பங்கு முறை. எவனோ ஒருவன் முறை தவறாமல் தலையை வெட்டிச் சாக்கில் கட்டி மாப்பிள்ளை காரில் வைத்துவிட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேண்டாம் என்று ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார். அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "பன்னி கிழிச்சுது. மூஞ்சி முள்ளுல உழுந்துது. அவ்வளவுதான், வெளங்குதா?"

"கண்ணுக்குள்ள ரவை இருக்குதுப்பா."

"லைசென்ஸ் என்ற பேருல இருக்குது. மாப்பிள்ளை மேல கேசு வந்தா உன்ற கல்யாணம் என்னாகும்னு யோசிச்சயா?"

என் மடியில் இருந்த தலை அசைந்தது. "பன்னிதாம்பா. நான் பன்னின்னே சொல்றேன்" என்றான் அண்ணன். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

மேட்டூர் ஆஸ்பத்திரியில் அப்படியேதான் சொன்னார்கள். டாக்டர் தொடையைத் தைப்பதில் மும்முரமாக இருந்தார். ரத்தம் ஏராளமாகப் போயிருந்தது. முகத்தைக் காட்டிக் கேட்டபோது, "வேல முள்ளுங்க சாமி, உருண்டு போயிட்டான்" என்றார் அப்பா. கட்டுப் போட்டு வையுங்கள், கண்ணைக் காலையில் பார்க்கலாம் என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் வராந்தாவில் நின்றிருந்தேன். மருதாசலம் பக்கத்தில் வந்தார். அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பன்னின்னே இருக்கட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் உங்க அண்ணனை எங்க கடையிலேயே வெச்சுக்கறேன். ஒரு குறையும் இருக்காது."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கீரியை நரி என்றது பிடித்திருந்தது. மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்ததைப் பார்த்தபோதுகூடப் பாவமாகத்தான் இருந்தது. தெரியாமல் சுட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை அழுதிருந்தால் ஆயுசு முழுக்க அவருக்குச் சோறு போட்டிருப்பேன். குருடனுக்குக் கடையில் ஒரு மூலை ஒதுக்கித் தருகிறேன் என்கிறாரே என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"காலைவரைக்கும் பொறுத்தா கண்ணு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

நான் நேரே உள்ளே போனேன். அப்பா குறுக்கே வந்தார். அவர் கையைத் தள்ளிவிட்டு, "முள்ளு இல்லீங்க டாக்டர். துப்பாக்கி. ரவை கண்ணுக்குள்ள இருக்குது" என்றேன்.

அப்பா அறைந்தார். என்னை அதற்கு முன் அவர் அடித்ததே இல்லை. பல் உதட்டில் குத்தி வாயெல்லாம் உப்புக் கரித்தது. "புத்தி கெட்டு ஒளர்றாளுங்க" என்று அவர் டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தார். நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடியும் சொன்னேன், வெளியே நிற்கிறவர்தான் சுட்டார், எங்கப்பாதான் துப்பாக்கியைக் கொடுத்தார் என்று, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி.

டாக்டர் அப்பாவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அப்போதே வண்டி ஏற்பாடு செய்து சேலத்துக்கு அனுப்பினார். போலீசுக்கும் ஆள் போனது. சேலத்தில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஒன்று அழுகினால் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடுமாம். இடது கண்ணிலும் ஒரு ரவை இமையைத் துளைத்து உள்ளே போயிருந்தது. அதைக் கிளறி எடுத்துக் கட்டுப் போட்டு, பிழைத்தால் பிழைக்கும், அசையக் கூடாது, முக்கக் கூடாது, அழவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மயிலம்மாள் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். இப்படிப்பட்ட வாய் எங்கள் வீட்டுக்கு ஆகாது என்று. அப்பாவைப் போலீஸ் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்திருந்தது. அவர் வார்டு வாசலில் வந்து உட்காருவார், உள்ளே வரமாட்டார். என்னோடு பேசுவதில்லை. நானும் பேசவில்லை.

அண்ணன் இரண்டு கண்ணும் கட்டியபடி மல்லாந்து கிடந்தான். கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளாமல் கேட்டான்.

"அவரு மேல கேசு ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"கல்யாணம்?"

"இல்லைன்னுட்டாங்க."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் சொல்லாம இருந்தனே சௌந்திரம். பல்லைக் கடிச்சுட்டு இருந்தனே. ஒரு நாள் பொறுத்திருந்தா உன்ற வாழ்க்கை நேராயிருக்கும். எல்லாத்தயும் கெடுத்துப்போட்டயே."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் அடித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"உன்ற கண்ணப் புடுங்கிக் குடுத்து வாங்கற புருசன் எனக்கு எதுக்குடா? அவனோட படுத்து எந்திரிச்சு தெனமும் உன்ற மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? யாரக் கேட்டு உன்ற கண்ண எனக்குச் சீரு வெச்ச?"

அண்ணனை நான் டா போட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். அவன் தாடை நடுங்கியது, பிறகு மார்பு குலுங்கியது. இடது கண் கட்டின் ஓரம் மெல்ல நனைந்தது.

"அழுவாதே" என்று பாய்ந்துபோய் அவன் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். "அழுவாதேடா, இருக்கற ஒண்ணும் போயிரும். பாவி, அழுவாதே." அவனால் நிறுத்த முடியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா சத்தம் கேட்டு ஓடிவந்து, கட்டிலின் மறுபக்கம் மண்டிபோட்டு, என் கைக்கு மேலேயே தன் கையை வைத்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, அழுவாத சாமி, அழுவாத சாமி" என்று கெஞ்சினார்.