இந்தப் பருவத்தில் ‘அ’ பிரிவு கற்றது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு காற்புள்ளிகூடக் கூட்டிச் சொன்னதில்லை. ஒரே ஓரிடத்தில் மட்டும் சற்றுக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதுவும் கேட்பவர்கள் நம்பமாட்டார்களே என்ற இரக்கத்தால்.

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். ‘அ’ பிரிவுக்குப் பெரிய டீச்சர், ‘ஆ’ பிரிவுக்குச் சின்ன டீச்சர். பெரியவள் அண்ணனைக் கட்டியவள், சின்னவள் தம்பியைக் கட்டியவள். ஓரகத்திகள். வீட்டில் ஒரே சமையலறை. பள்ளியிலோ நடுவில் ஒரே ஒரு சுவர்.

பதினான்கு வருடமாகப் பருவம் தொடங்கும் நாளில் பெரிய டீச்சர் வாசல் பலகையில் ஒரு தாள் ஒட்டுவாள். ‘இந்தப் பருவத்தில் உங்கள் பிள்ளை கற்கப்போவது’ என்று தலைப்பு. கணக்கு: வாய்ப்பாடு. மொழி: பிழையின்றி எழுதுதல். அறிவியல்: விதை முளைத்தல். சமூகம்: திசைகள். ஓவியம்: ஓவியம். வருடா வருடம் தேதியை மட்டும் அடித்துத் திருத்துவாள். அந்தத் தாளை இதுவரை ஒரு பெற்றோரும் படித்ததில்லை, மழைக்கு அங்கே ஒதுங்கியவர்கள் உட்பட.

இந்த வருடம் தலைமை ஆசிரியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டு பிரிவிலும் சேர்த்து நாற்பத்தொரு பிள்ளைகள்தான். பெற்றோர் தாள்களைப் படித்துப் பார்த்து, எந்தப் பிரிவு வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லலாம். பதினைந்துக்குக் கீழே இறங்கும் பிரிவை மூடிவிடுவார்கள். அந்த டீச்சர் உச்சி மாடியில் இருக்கும் நூலகத்துக்குப் போகவேண்டியதுதான்.

பெரிய டீச்சர் உடனே தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள், இருபத்திரண்டு. பிள்ளைகளின் இரைச்சல் இல்லையென்றால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. விடுமுறை நாளில் வீட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வருகைப் பதிவு எடுக்கிறவள் அவள். கணவர் இரண்டு முறை ‘உள்ளேன்’ சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை சின்ன டீச்சரின் தாள் பலகையில் ஏறியது. நான்கு நிறப் பேனாவில் எழுதியிருந்தாள். ‘கணக்கு: விளையாட்டுத் திடலை எங்கள் பாதங்களால் அளப்போம். மொழி: சண்டை போட்டவருக்கு ஒரு நல்ல கடிதம் எழுதுவோம். அறிவியல்: விதை கண்விழிக்கும்வரை சத்தம் போடாமல் காத்திருப்போம்.’ அதைப் படித்துக்கொண்டே நின்ற ஒரு அப்பா அலுவலகத்துக்குப் போகிற பேருந்தைத் தவறவிட்டார். சாயங்காலத்துக்குள் ‘அ’ பிரிவிலிருந்து ஆறு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இருபத்திரண்டு, பதினாறு ஆனது.

அன்று சமையலறையில் காய் நறுக்கும்போது பெரிய டீச்சர் ஆரம்பித்தாள். “ஏம்மா, நீ பாடத் தாள் ஒட்டினியா, கல்யாணப் பத்திரிகை ஒட்டினியா?”

“நல்லா இருக்காக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. பேனா கடைக்காரன் குடும்பம் நல்லா இருக்கும்.”

“உங்களுக்கும் ரெண்டு கலர் தரட்டுமா?”

“எனக்கெதுக்குத் தாயே? வானம் நீலம் ஒண்ணை வச்சுக்கிட்டே எவ்வளவு காலமா ஓட்டுது!”

சின்னவள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும். எட்டு வருடமாகப் பெரியவள் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு நாளும் அது தூர்ந்தபாடில்லை. “அவ எழுதினதும் நல்லாத்தானே இருக்கு” என்றார் பெரியவளின் கணவர். அன்று அவருக்கு ஆறிப்போன சாப்பாடுதான் கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் பெரிய டீச்சர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினாள். ‘அறிவியல்: அவரை விதை முளைக்கும். முளைத்துச் சன்னல் ஏறும். ஏறிக் காய்க்கும். எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்.’ ஒட்டிய பிறகுதான் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று படித்துப் பார்த்தாள். எழுதியது எழுதியதுதான். நேராக வகுப்புக்குப் போய், ஒரு தட்டில் ஈரப்பஞ்சு பரப்பி விதைகளை வைத்து, தட்டைத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வயிற்றெரிச்சல் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று நினைப்பவர்கள் அந்த ஆசிரியர் அறைக்குள் போய்ப் பார்த்ததில்லை. அன்று மதியம் ஓவிய ஆசிரியர் தன் சாப்பாட்டு டப்பாவைத் தற்செயலாகப் பெரிய டீச்சர் பக்கத்தில் வைத்தார். திறந்தபோது ஆவி பறந்தது. புதன்கிழமை முதல் எல்லோரும் அவளைச் சுற்றி டப்பாக்களை அடுக்கிவைத்து, “டீச்சர், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க” என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சூட்டில் விதை சும்மா இருக்குமா? செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே முளைவிட்டது. பதினொன்றுக்கு இலை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கும்போதெல்லாம் ஒரு முழம் வளர்ந்தது. புதன்கிழமை காலை சன்னல் ஏறி வெளியே போய் இரண்டு மாடி உயரம் படர்ந்தது. (மேலே சொன்ன இரக்கம் இந்த இடத்தில்தான். உண்மையில் மூன்று மாடி.) அதோடு நின்றிருந்தால் பெரிய டீச்சர் ஜெயித்திருப்பாள். கொடி வெயிலைப் பார்த்துத் திரும்பவில்லை. ‘ஆ’ பிரிவின் சன்னலைப் பார்த்துத் திரும்பி, உள்ளே நுழைந்து, அங்கே போய்க் காய்த்தது.

சின்ன டீச்சர் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல அதை வரவேற்றாள். அவளுடைய பிள்ளைகள் கொத்துக் கொத்தாகக் காய்களை எண்ணிப் பெருக்கல் படித்தார்கள். கொடிக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள், வரைந்தார்கள், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சமூகப் பாடமும் முடித்தார்கள். பருவம் முழுவதற்கும் போட்டிருந்த திட்டம் வியாழக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துபோனது. பலகையில் ‘அ’ பிரிவின் எண்ணிக்கை பதின்மூன்று.

பெரிய டீச்சர் கத்தரிக்கோலை எடுத்தாள். முன்வரிசையில் ஒரு சிறுமி, கேள்விப்பெட்டி என்று பெயர் வாங்கியவள், எழுந்து நின்றாள்.

“டீச்சர், நம்ம செடி ஏன் அங்க போய்க் காய்க்குது?”

“அதோட கண்ணு அங்கதான் இருக்கு.”

“செடிக்குக் கண்ணு உண்டா டீச்சர்?”

“உண்டு. எழுதிக்கோ.”

பதின்மூன்று பேரும் அறிவியல் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதுகிற பிள்ளைகளுக்கு முன்னால் எதையும் வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோல் இழுப்பறைக்கே திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் எல்லோரும் திடலில் கூடினார்கள். கொடி வளர்க்கிற டீச்சரிடம்தான் பிள்ளையை விடுவோம் என்று ‘ஆ’ பிரிவின் சன்னலைக் காட்டினார்கள். தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்தார். அப்போது சின்ன டீச்சர் முன்னால் வந்தாள்.

“இது அக்காவோட செடிங்க. வேர் அவங்க மேசைல இருக்கு, போய்ப் பாருங்க. நான் வச்ச விதை பஞ்சுலயே அழுகிப்போச்சு. வீட்லயும் எட்டு வருஷமா நான் வச்சது எதுவும் வந்ததில்லை. அவங்க குச்சியை நட்டாலும் தளிர்க்குது. உண்மையச் சொன்னா எனக்கு அவங்க மேல பொறாமைதான்.”

பெரிய டீச்சர் அதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இவளுக்கு, என் மேல், பொறாமை. வாழ்நாளில் இவ்வளவு இனிப்பான ஒன்றை அவள் கேட்டதில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் கணமே கொடி, ஈரத்துணிபோலச் சுவரில் துவண்டு தொங்கியது. பெற்றோர் அதைக் கவனிக்கவில்லை. வேரைப் பார்க்க ‘அ’ பிரிவுக்கு ஓடினார்கள். திரும்பி வந்தபோது கணக்கு இருபத்தேழு, பதினான்கு.

“அப்ப ‘ஆ’ பிரிவை மூடிடலாம்” என்றார் தலைமை ஆசிரியர். “சின்ன டீச்சர், மனசு தளராதீங்க. நூலகம் நல்ல இடம். கைவச்ச நாற்காலி இருக்கு. திருத்த நோட்டு கிடையாது. உக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கலாம்.”

“நாள் பூராவா சார்?” என்று கேட்டது பெரிய டீச்சர்.

“நாள் பூரா.”

“ஃபேன்?”

“ரெண்டு.”

துவண்டு கிடந்த கொடி மெல்லத் தலையைத் தூக்கியது. பெரிய டீச்சரின் மனக்கண்ணில் ஓரகத்தி கைவைத்த நாற்காலியில் சாய்ந்து, இரண்டு ஃபேனுக்குக் கீழே பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குழி வேறு. கீழே தான் இருபத்தேழு நோட்டு திருத்துவதா? கேள்விப்பெட்டியைத் தோளைப் பிடித்து ஒரே தள்ளு, ‘ஆ’ பிரிவு வரிசைக்குள்.

“நீ அங்க.”

“ஏன் டீச்சர்?”

“இனிமே அந்த டீச்சர்கிட்டக் கேளு. நல்லா நிறையக் கேளு.”

இருபத்தாறு, பதினைந்து. ‘ஆ’ பிரிவு பிழைத்தது. சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அக்கா, எனக்காகவா?”

“பின்ன? ஒரே வீட்டுப் பொண்ணுங்க, விட்டுக்கொடுக்க முடியுமா?” என்றாள் பெரியவள். பின்னால் சுவரில் கொடி சடசடவென்று மூன்றாம் மாடி தாண்டி, நூலகத்துச் சன்னலை எட்டிப் பார்த்துப் பூத்தது.

சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பே கிடையாது, வகுப்புகள் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகின்றன.