கொலையாளியை முன்பே தெரிந்தவன்

முதல் எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேவன் சொல்லிவிட்டான்.

"எனக்கென்னமோ அந்த டாக்டரம்மா மேலதான் சந்தேகமா இருக்கு."

தர்மினி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்த டாக்டரம்மா அதுவரைக்கும் இரண்டே காட்சியில்தான் வந்திருந்தாள். ஒன்றில் பிணத்தைப் பார்த்துத் தலையாட்டினாள், இன்னொன்றில் டீ குடித்தாள். பிரிட்டிஷ் தொடரில் டீ குடிக்கிறவர்களையெல்லாம் சந்தேகப்படுவதென்றால் ஊரில் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள். ஆனால் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டரம்மா போலீசிடம் பச்சைப் பொய் சொன்னது அம்பலமானது. தேவன் ஒன்றும் பேசாமல் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். அந்த அமைதிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணமான நாள்முதல் ஞாயிறு சாயங்காலம் அவர்களுக்குப் பிரிட்டிஷ் தொடர்தான். ஒரு வாரம் ஒரு எபிசோடு, அதற்கு மேல் கிடையாது. மொத்தத் தொடரையும் ஒரே ராத்திரியில் விழுங்குகிறவர்களைத் தர்மினிக்குக் கண்டாலே ஆகாது. மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் தேவன் மண்டோர், அதாவது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களை மேய்க்கும் வேலை. அவள் தம்பினில் இடைநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எஸ்டேட் கொடுத்த வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, பத்து டிகிரிக் குளிரில் மழை பெய்யும் ஸ்காட்லாந்து மீன்பிடித் துறைமுகத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பிரிட்டிஷ் தொடர்களைப் பற்றித் தர்மினியைப் பேசவிட்டால் சோறு ஆறிப்போகும். அவர்கள் ஆறு எபிசோடு எடுத்துவிட்டு இரண்டு வருடம் காக்கவைப்பார்கள், ஆனால் ஒரு அறையை மூன்று தடவை மூன்று பக்கத்திலிருந்து காட்டமாட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா முகத்தில் பவுடர் இருக்காது, தலை சீவியிருக்கமாட்டாள், அவளைப் பார்த்தாலே நாலு நாள் தூங்காதவள் என்று தெரியும். கேக் சுடும் போட்டியில்கூடத் தோற்றவள் ஜெயித்தவளைக் கட்டிப்பிடித்து அழுவாள். பெரிய நடிகர் ஒருவர் சின்ன வேடத்தில் சும்மா வந்துபோனால் அவர்தான் கொலையாளி, இல்லாவிட்டால் அவருக்கு எதற்கு அவ்வளவு சம்பளம்? இதையெல்லாம் அவள் சொல்ல, தேவன் கேட்பான். இடையிடையே அவள் படத்தை நிறுத்தி, யார் யாருக்கு என்ன வேண்டும், எதற்காக முறைத்துக்கொள்கிறார்கள் என்று விளக்குவாள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசுவது சில இடங்களில் அவளுக்கே கொஞ்சம்... சரி, அது இருக்கட்டும்.

சப்டைட்டில் மட்டும் அந்த வீட்டில் கூடவே கூடாது. அவள் அப்பா செல்வநாயகம் ரப்பர் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், யாழ்ப்பாணத்து ரத்தம். அந்தக் காலத்தில் டிவியில் ஆங்கில நிகழ்ச்சி போட்டால் அடியில் மலாயில் எழுத்து ஓடும். பிள்ளைகள் அதைப் படித்துத் தப்பித்துக்கொள்ளக் கூடாதென்று அவர் பழுப்பு அட்டையை வெட்டி டிவியின் அடிப்பக்கத்தை மறைத்து ஒட்டிவிடுவார். காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறவன்தான் படித்தவன் என்பது அவர் கட்சி. தேவன் பெண் கேட்டு வந்தபோது, "ரப்பர் பால்வெட்டுக்காரன் பேரனா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டதும், தேவன் புரியாதவன் போலச் சிரித்துக்கொண்டு நின்றதும் தனிக் கதை.

அப்பேர்ப்பட்ட வீட்டில், நாலாவது ஞாயிறு அவள் டிவியைப் போட்டதும், திரையின் அடியில் மலாய் எழுத்து பளிச்சென்று ஓடியது.

அவள் சட்டென்று எழுத்தை அணைத்துவிட்டாள். தேவன் அடுப்படியில் இருந்தான், கவனிக்கவில்லை. பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர்கள் இன்னும் பார்க்காத எபிசோடுக்குக் கீழே சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருந்தது. யாரோ முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்கடுத்ததிலும் பாதி பார்த்தாகிவிட்டது.

தேவன் தனியாகப் பார்க்கிற ஆள் இல்லை. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவனுக்கு இதெல்லாம் தலையும் புரியாது வாலும் புரியாது என்பது அவள் முடிவு. அப்படியென்றால் யாரோ கூட உட்கார்ந்து பார்க்கிறார்கள். மலாய் படிக்கிற யாரோ.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் பார்த்த எந்த இன்ஸ்பெக்டரும் விடை தெரியாமல் கேள்வி கேட்டதில்லை. மறுநாளிலிருந்து வீடு குற்றம் நடந்த இடமாகிவிட்டது. சோபாவில் மெத்தை அமுங்கியிருப்பதைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும் இடத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் டீக்கறையோடு இருப்பதைப் பார்த்தாள். தேவன் காட்டிலிருந்து ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவான், அவள் பள்ளியிலிருந்து வர மூன்றாகும். நடுவில் இரண்டு மணி நேரம் கேட்பாரில்லை.

பக்கத்து வீட்டு ராக்கம்மா துணி காயப்போடும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"டீச்சர், ஒங்க வீட்ல என்ன லா விசேஷம்? ஆபீஸ் கிராணிப் பொண்ணு மோட்டோர் பைக்கு ரெண்டு நாளா வாசல்ல நிக்கிது."

"எந்தப் பொண்ணு?"

"அந்த லோகேஸ்வரிதான், மந்தின் ஊர்லேருந்து வந்துச்சே. நல்ல பொண்ணுதான், சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னதாம். லோகேஸ்வரிக்கு முப்பது வயசு இருக்கும், சிரித்த முகம், கோயில் திருவிழாவில் "அண்ணே, அண்ணே" என்று தேவனிடம் பேசிக்கொண்டிருந்தவள். அண்ணே என்று கூப்பிடுகிறவள்தான் கடைசி எபிசோடில் மாட்டுவாள் என்று தர்மினி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் பள்ளியில் மூன்றாம் படிவத்துப் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. தன் அப்பா பேச்சை மீறி இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டோமே, அதுவும் போய்விட்டால் தனக்கென்று என்ன இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் நெஞ்சில் நின்று அழுத்தியது.

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிப் பாதியில் கிளம்பினாள். காரை எஸ்டேட் வாசலில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, செம்பனை வரிசைக்குள் புகுந்து நடந்தாள். டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவதை ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி நின்று பார்த்தான். அவள் அவனையும் சந்தேகப்பட்டாள்.

வாசலில் மோட்டோர் இல்லை. ஆனால் உள்ளே ஸ்காட்லாந்துக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பூனைபோல ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

தேவன் தனியாக இருந்தான். காட்டுக்குப் போட்டுப்போன முழுக்கைச் சட்டையைக்கூட மாற்றாமல், கீழே தரையில், டிவிக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வரி மலாய் வந்ததும் நிறுத்தினான். உதடு அசைய அதைப் படித்தான். பின்னால் தள்ளி, அதே வரியை மறுபடி காதால் கேட்டான். பிறகு அடுத்த வரி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் எழுந்து ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"லோகேஸ்வரி எங்க?"

"எந்த லோகேஸ்வரி? ஆபீஸ்லதான் இருக்கும். ஏன்?"

"ரெண்டு நாள் வந்துச்சாமே. ரெண்டு தம்ளர் பாத்தேன்."

தேவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபப்படவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அது இன்னும் மோசம்.

"இந்த எழுத்து எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியல. அதுகிட்டதான் கேட்டேன். போன மாசம் வந்து போட்டுக் குடுத்துச்சு. இந்த வாரம் எழுத்து காணாமப் போச்சு, ரெண்டு நாள் திரும்பவும் வந்து காட்டுச்சு. டீ ஊத்திக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"ஒங்க வீட்ல அட்டை ஒட்டுவாங்கன்னு நீதான சொல்லுவ." அவன் ரிமோட்டை மேசைமேல் வைத்தான். "அவங்க பேசுற இங்கிலீஷ் எனக்கு ஒண்ணும் புரியல தர்மினி. இத்தன வருஷமா ஒன்னோட ஒக்காந்து சும்மா தலையாட்டிக்கிட்டு இருந்தேன். இந்த வருஷமாச்சும் முன்னாடியே பாத்து வச்சுக்கிட்டா ஒன்கூட ரெண்டு வார்த்த பேசலாம்னு நெனச்சேன்."

பெண்ணும் இல்லை, பொய்யும் இல்லை. நிம்மதியாக இருந்தது, அதோடு கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது. கிராணி வீட்டுத் திமிர் அவ்வளவு லேசில் போகாது. பார்த்தாயா, நான் சொன்னதுதான் சரி, என் விளக்கம் இல்லாமல் இவரால் முடியாது என்று மனசுக்குள் ஒரு மூலை சொன்னது.

"சரி, போடுங்க. நானும் பாக்குறேன்," என்று அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அவன் தயங்கித் தயங்கிப் போட்டான். இன்ஸ்பெக்டர் அம்மா வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் தாடிக்காரன் கதவைத் தட்டினான். இருவரும் சமையலறையில் நின்று பேசினார்கள். அடியில் மலாய் ஓடியது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் தர்மினியின் கண் அங்கேயே போனது. மலாய் தெளிவாகச் சொல்லிற்று: அந்தத் தாடிக்காரன் அவளுடைய முன்னாள் புருஷன்.

போன ஞாயிறுதான் தர்மினி படத்தை நிறுத்திவைத்து, அவன் இன்ஸ்பெக்டருடைய அண்ணன் என்று விளக்கியிருந்தாள். அப்பா சொத்தில் தகராறு, அதனால்தான் முறைப்பு என்று வேறு நீட்டி முழக்கியிருந்தாள். தேவன் "ஓ, அண்ணனா" என்று கேட்டுக்கொண்டான்.

அவள் நிறுத்தச் சொன்னாள்.

"இவன் அண்ணன் இல்லன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

தேவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா சொல்லிக்கிட்டு இருந்த."

அவளுக்கு முகம் எரிந்தது. இந்த நாலு நாளில் இந்த மனுஷன் மேல் படாத சந்தேகம் இல்லை. அவன் அவளுடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"எனக்கும் பாதி புரியாதுங்க," என்றாள். அப்பா செத்தும் அவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "புரியாத எடத்துல நானா எதையாச்சும் சேத்துக்குவேன்."

"அதுவும் தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு எதுக்கு இப்படி ஒரு வரி ஒரு வரியா ஒக்காந்து படிச்சீங்க?"

தேவன் சட்டைக்கையில் ஒட்டியிருந்த செம்பனை நாரைப் பிய்த்தான்.

"என்னைக்காச்சும் ஒரு நாளு, 'நீங்க சொல்லுங்க, என்ன நடந்துச்சு'ன்னு நீ என்னக் கேப்பன்னு நெனச்சேன்."

தர்மினி டிவியை அணைத்தாள். அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க. என்னதான் நடந்துச்சு?"

அவன் முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தான். டாக்டரம்மா ஏன் அன்றைக்கே பயந்தாள், தாடிக்காரன் எதற்காகத் திரும்பி வந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நடுவே இரண்டு இடத்தில் பேச்சை நிறுத்தி, அவள் குறுக்கே வந்து திருத்துவாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான்.