மூடி மாறிய தட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. செல் வளர்க்கும் தட்டின் பெயரை மூடியில் எழுதக் கூடாது, அடிப்பக்கத்தில்தான் எழுத வேண்டும். மீறியவர்களை வறுத்தெடுத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பக்கத்து அறையில் வேலை பார்ப்பவள் என் நாத்தனார். இலைகளை ஊறவைத்து, வடித்து, அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுப்பாள். நான் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைத் தட்டில் வளர்ப்பேன். உடம்புக்கு வெளியே அவை ஒரு வாரத்தில் சாதாரண ரத்த செல்களாக மாறிவிடும். அவளுடைய இலைப்பொருள் அதைத் தடுத்து, ஸ்டெம் செல்களாகவே பெருக வைக்கும் என்று நம்பினோம். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் அவள் வேலை போய்விடும் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தேன். இலைப்பொருள் சேர்த்த தட்டில் ஸ்டெம் செல்கள் பேருக்குத்தான் இருந்தன. எதுவும் சேர்க்காத தட்டிலோ நான்கு மடங்கு. வந்த ஆத்திரத்தில், என்னத்தைக் காய்ச்சி ஊற்றினாய், விஷத்தையா என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

தலைவரிடம் காட்டத் தட்டுகளை எடுத்தபோதுதான் பார்த்தேன். பெயர் மூடியில் இருந்தது. கையெழுத்து சாட்சாத் என்னுடையது. முந்தாநாள் இரண்டு தட்டுக்கும் ஊட்டத்திரவம் ஊற்றும்போது, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டே இரண்டு மூடிகளையும் சேர்த்துத் திறந்து வைத்திருந்தேன். மூடும்போது மாற்றிப் போட்டிருக்கலாம்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவளோ வடிகட்டும் தாள் ஒன்றை எடுத்தாள். அவளுடைய பொருள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். தினமும் அப்படித்தான் அதைச் சரிபார்க்கிறாள். தட்டுக்கு ஒரு சொட்டாக அந்தத் தாளில் வைத்து விளக்கைப் போட்டோம். 'எதுவும் சேர்க்காதது' என்று நான் எழுதிய தட்டின் சொட்டு நீலமாக ஜொலித்தது. மற்றது அப்படியே இருண்டு கிடந்தது. நான்கு மடங்கு பெருக்கியது அவள் இலைதான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மூடியில் எழுதியது யார் என்று கேட்டார். "நான்தான் சார்," என்றாள் நாத்தனார்.

"அவ இல்ல சார், நான்," என்றேன். காது வரை சுட்டது.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் இரண்டு முறை செய்துகாட்டச் சொன்னார். அதுவரை யாரும் எங்கும் போக வேண்டாம் என்று சொல்லி, அவளுடைய அடுத்த ஆண்டு வேலை ஒப்பந்தத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணி, இனிமே நீங்க என்னைத் திட்டவே முடியாது."

"ஏன் முடியாது? நீ இங்கயேதானடி இருக்கப் போற," என்றேன். பேனாவை எடுத்து, தட்டுகளின் அடிப்பக்கத்தில் பெயரை எழுத ஆரம்பித்தேன்.