தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கவும்

1

இந்தக் கதைக்குக் காரணம் அக்கா மகள். "நான் பொறந்த கதைய எழுதேன் சித்தி" என்று போன வாரம் போனில் கேட்டாள். அவளுக்கு இப்போது இருபத்தாறு வயது. கதை எழுதுகிறவள் என்று பேர் வாங்கிவிட்ட நான் எப்படி மறுப்பது?

முதல் தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்...

(மழையெல்லாம் இல்லை. அடித்துவிட்டேன்.)

2

ஸ்கேன் சென்டர் மாடியில் இருந்தது. அக்காவுக்கு எட்டாம் மாதம்; முதல் பிள்ளை சிசேரியன். வயிற்றில் ஜில்லென்று ஜெல் பட்டதும் அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை முழுக்கப் புகைமூட்டம். அதில் மூக்கு எது, முழங்கால் எது என்று பந்தயம் கட்டினோம். அப்படிச் சேர்ந்து சிரிக்க இப்போதெல்லாம் எங்களுக்கு வாய்ப்பதே இல்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நஞ்சுக்கொடி ரொம்பக் கீழ இருக்கு. பழைய தையல் மேலேயே ஒட்டியிருக்கிற மாதிரி தெரியுது. தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க, இன்னொரு தடவை பார்க்கணும்."

3

இந்த இடத்தில் வரும் தங்கை மேல் எனக்கே நம்பிக்கையில்லை. முதலில் எழுதிய வரைவில் அவள், "இருந்து பார்த்துட்டே போலாங்க்கா" என்கிறாள். என்ன பொறுப்பு!

நிஜத்தில் நான் சொன்னது இது: "இவங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்க. உனக்குத்தான் வலி ஒண்ணும் இல்லையே? அடுத்த மாசம் பார்த்துக்கலாம், வா."

தோழிகளோடு சினிமாவுக்குப் போகும் அவசரம் எனக்கு.

பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டோம். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் டாக்டரம்மா. கையில் ஜெல் ஈரம்கூடக் காயவில்லை.

"வலி வரட்டும்னு இருந்தா அப்புறம் ரத்தத்தை நிறுத்த முடியாதும்மா. மேல வாங்க."

4

இரண்டாவது முறை பார்த்ததில் உறுதியாகிவிட்டது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடி, பழைய தழும்புக்குள் வேர்விட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, நாள் குறித்து ஆபரேஷன் செய்தார்கள். கர்ப்பப்பையை எடுக்கவேண்டியதாயிற்று. அக்கா பிழைத்தாள். மகளும் பிழைத்தாள்.

(டாக்டரம்மா ஓடிவராமல் இருந்திருந்தால் என்று இன்னொரு முடிவும் தொடங்கினேன். "அடுத்த மாதம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அக்கா..." அதற்குமேல் கை ஓடவில்லை.)

5

நேற்று இதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் பகுதியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"நீ எங்கடி கிளம்பச் சொன்னே? நான்தானே கால் வலிக்குது, போயிடலாம்னு அடம்பிடிச்சேன்?"

நிஜமாகவே மறந்துவிட்டாளா? மகள் படிக்கப்போகிறாளே என்று என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளா? கேட்கத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் பகுதிக்கு இப்போது என்னிடம் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. எதை அனுப்பட்டும்? நீங்களே சொல்லிவிடுங்கள். காலையிலிருந்து அக்கா மகள் இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.