இடதுகைப் பிடி

எங்கள் குடும்பத்துக்குத் திமிர் அதிகம் என்று காரைக்குடியில் சொல்வார்கள். உண்மைதான். என் அண்ணன் தண்டாயுதபாணிக்கு இடதுகைப் பழக்கம். தச்சுவேலைக்கு அது ஆகாது என்று தெருவே சொன்னபோது, அப்பா வைரவன் ஆசாரி அவனுக்கென்றே மரம் செதுக்கும் வாச்சி ஒன்று செய்தார். இடதுகைக் கட்டைவிரல் பதிகிற மாதிரி அதன் பிடியில் குழி எடுத்திருந்தார். "எம் மகன் கைக்குத்தான் பிடி, ஊர்க்காரன் கைக்கு இல்ல" என்றார்.

அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் அண்ணன் முன்னால் நடந்தான். அவன் பிடித்த கறுப்புக்கொடி என் பாவாடையைக் கிழித்துத் தைத்தது. தடியடியில் மண்டை உடைந்து வந்தவனைப் பார்த்து நான் அழவில்லை, தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். கல்லூரியை விட்டுவிட்டுக் கல்லல் பக்கம் கூலிக்காரர்களுக்காகப் பேசப் போனான். அதற்கும் பீற்றிக்கொண்டேன். அந்த ஊர்ப் பண்ணையாரைத் தீர்த்தால்தான் விடியும் என்று அவன் சொல்ல ஆரம்பித்ததை மேடைப் பேச்சு என்றே நினைத்தேன்.

எழுபதில் ஆயுத பூஜையன்று, யாரும் தொடக்கூடாத கருவிகளுக்கு நடுவே அந்த வாச்சியை மட்டும் காணோம். மறுநாள் செய்தி வந்தது: கல்லல் பண்ணை வீட்டில் ராத்திரி வெட்டு. பண்ணையார் தப்பிவிட்டார். குறுக்கே வந்த பண்ணைக் காவல்காரர் செத்துப்போனார்.

அங்கே பூஜைச் சந்தனப் பொட்டோடு கிடந்த வாச்சியைப் போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் வைத்து, ஆசாரிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அப்பாவோடு நானும் போனேன். வராந்தாவில் காவல்காரரின் மனைவி ஒச்சம்மாள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம தெரு வாச்சி இல்லய்யா" என்றார் அப்பா. எனக்கு மூச்சு வந்தது.

இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எவனோ கத்துக்குட்டி செஞ்சது. பிடியே கோணல்."

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "வலது கையில புடிச்சுக்கிட்டுக் கோணல்ங்கிறீக? இடது கையில புடிச்சுப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் கை மாற்றினார். கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்தது.

"யாருக்குச் செஞ்சீரு?"

எங்கள் தெருவில் இடதுகை ஆசாரி ஒருவன்தான்.

ஆயுள் தண்டனை. மதுரைச் சிறையில் போய்ப் பார்த்தபோது அண்ணன் கேட்டான்: "கோணல்னு சொன்னத அப்பா விட்டிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்ல?"

"அப்பாவா? விடுவாரா?"

"விட மாட்டாரு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையைப் பார்த்து, வெட்கங்கெட்டு என் நெஞ்சும் நிமிர்ந்தது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒச்சம்மாளின் ஞாபகம் வந்தது.